முன்னெழுத்து உள்ள பெட்டிகள்

(இணையப் பக்கம் எழுதப் பழகும் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுக்கக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா. மகளின் உதவித்தொகை விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருந்தார். மடியில் மஞ்சள் பை, பைக்குள் நான்காக மடித்த ஜெராக்ஸ். திரையில் ஒரே பக்கம்தான். மேலே ‘புதிய விண்ணப்பம்’ என்று ஒரு படிவம். கீழே ‘ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள்’ என்று இன்னொரு படிவம். இரண்டிலும் ‘கைபேசி எண்’ என்று ஒரு பெட்டி இருந்தது.

அம்மா சரியாகக் கீழ்ப் படிவத்துக்குத்தான் போனார். பெட்டிக்குள் கிளிக் செய்யாமல், பக்கத்தில் இருந்த ‘கைபேசி எண்’ என்ற எழுத்தின் மேல் கிளிக் செய்தார். அதில் தவறே இல்லை. எழுத்தைத் தொட்டால் பெட்டிக்குள் கர்சர் போக வேண்டும், அதற்காகத்தான் லேபிள் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிறகு தலையைக் குனிந்து, கீபோர்டில் ஒவ்வொரு எண்ணாகத் தேடி, பத்து எண்ணையும் அடித்து, எண்டரைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்து: ‘பெயரை நிரப்பவும்’.

“பேருதான் போன மாசமே குடுத்தாச்சே, தம்பி” என்றார் கடையில் இருந்த பையனிடம். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “சர்வர் பிராப்ளம்மா, நாளைக்கு வாங்க” என்றான். அந்தப் பக்கத்தின் மூலத்தை நான் திறந்து பார்ப்பதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. பக்கத்தை எழுதியவர் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே ஐடியைக் கொடுத்திருந்தார். ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால் பிரவுசர் மேலிருந்து தேடிக்கொண்டு வந்து முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும். கீழ்ப் படிவத்தின் எழுத்தைத் தொட்டால் மேல் படிவத்தின் பெட்டிக்குள் கர்சர் போய் நின்றது. பத்து எண்ணும் அங்கே போய் விழுந்தன. எண்டர் தட்டியதும் அந்தப் பெட்டி எந்தப் படிவத்தைச் சேர்ந்ததோ அந்தப் படிவம் கிளம்பப் பார்த்தது, பெயர் இல்லை என்று நின்றுவிட்டது.

ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று படிவங்கள் இருக்கும்போது, நம் ஸ்கிரிப்ட் எந்தப் படிவத்தை, அதற்குள் எந்தப் பெட்டியை, என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்? இன்று பேச வந்தது இது ஒன்றுதான். உங்களில் பலருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்த அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலி.

கொஞ்சம் பின்னால் போவோம். எச்டிஎம்எல் 2.0 என்ற வரையறை 1995 நவம்பரில் வெளிவந்தது. டிம் பெர்னர்ஸ் லீயும் டான் கானலியும் தொகுத்தது. அதில் படிவம் இருந்தது. அந்தக் காலத்துப் பக்கத்தில் நான்கு படிவங்கள் இருந்தாலும் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. ஒவ்வொரு படிவத்துக்கும் தனி பட்டன், தனி முகவரி. எந்த பட்டனை அழுத்துகிறோமோ அந்தப் படிவத்துக்குள் இருக்கும் பெட்டிகளை மட்டும் பிரவுசர் திரட்டி அனுப்பிவிடும். வெளியிலிருந்து யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

கூப்பிட வேண்டிய தேவை ஸ்கிரிப்ட்டோடு வந்தது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். 1996 மார்ச்சில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 அதோடு வெளிவந்தது. அப்போது டெலிபோன் கம்பி வழியாகத்தான் இணையம். ஒரு படிவத்தை அனுப்பி, சர்வர் பார்த்து, ‘பின்கோடு விட்டுப்போச்சு’ என்று திருப்பி அனுப்ப அரை நிமிடம்கூட ஆகும். அனுப்புவதற்கு முன்பே இங்கேயே சரிபார்த்துவிட்டால் அந்த நேரம் மிச்சம். ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் முக்கியமானது இந்தச் சரிபார்ப்பு. சரிபார்க்க வேண்டுமானால் பெட்டியை எட்ட வேண்டும். அதற்காக அன்றே ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள்: டாக்குமென்ட்.ஃபார்ம்ஸ். பக்கத்தில் உள்ள படிவங்கள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் எலிமென்ட்ஸ் என்று இன்னொரு பட்டியல், அதில் பெட்டிகள். அந்தக் காலத்து வசதிகளை இப்போது டாம் லெவல் ஜீரோ என்று சொல்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு வரையறை ஒருநாளும் எழுதப்படவில்லை. ஆனாலும் அன்று எழுதிய வரி இன்று உங்கள் செல்போனில் உள்ள பிரவுசரிலும் ஓடும்.

அந்தப் பட்டியலில் எண்ணைச் சொல்லியும் கூப்பிடலாம். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். டாக்குமென்ட்.ஃபார்ம்ஸ்[0] என்றால் பக்கத்தின் முதல் படிவம், [1] என்றால் இரண்டாவது. எழுதச் சுலபம், படிக்கச் சுலபம். பழைய புத்தகங்களில் முதல் பாடமே இதுதான். நானும் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் எழுதினேன். அதனால் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்குக் கட்டணப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரே படிவம். பெயர், துறை, ஆண்டு, நான்காவதாகப் பதிவு எண். பதிவு எண் காலியாக இருந்தால் அனுப்பக் கூடாது. என் ஸ்கிரிப்ட்டில் முதல் படிவத்தின் நான்காவது பெட்டியை எண்ணால் கூப்பிட்டு, காலியா என்று பார்த்தேன். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள், எல்லாப் பக்கத்தின் தலையிலும் ஒரு தேடல் பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். வேறொருவர் வந்து தலைப்புக் கோப்பில் அதைச் சேர்த்துவிட்டுப் போனார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. என் பக்கத்தை அவர் தொடவேயில்லை.

ஆனால் தேடல் பெட்டியும் ஒரு படிவம்தான். அது தலையில் வந்து உட்கார்ந்ததும் அதுதான் முதல் படிவம் ஆயிற்று, என் கட்டணப் படிவம் இரண்டாவது ஆயிற்று. மறுநாள் காலை மாணவர்கள் பட்டனை அழுத்தியபோது என் ஸ்கிரிப்ட் தேடல் படிவத்துக்குள் நான்காவது பெட்டியைத் தேடியது. அதில் இருந்ததே ஒரு பெட்டியும் ஒரு பட்டனும்தான். இல்லாத பெட்டியின் மதிப்பைக் கேட்டதும் ஸ்கிரிப்ட் பிழையாகி அப்படியே நின்றது. இங்கே கவனியுங்கள். சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் பாதியில் செத்துப்போனால் பிரவுசர் படிவத்தை நிறுத்தி வைப்பதில்லை. ‘அனுப்பாதே’ என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை என்பதால் அனுப்பிவிடுகிறது. பதிவு எண் இல்லாமலேயே கட்டண விவரங்கள் போய்ச் சேர்ந்தன. எந்தப் பணம் எந்தப் பிள்ளையுடையது என்று கண்டுபிடிக்க அலுவலகத்தில் இரண்டு பேர் மூன்று நாள் ரசீதுக் கட்டுகளோடு உட்கார்ந்தார்கள். நானும் கூடவே உட்கார்ந்தேன். சர்வரிலும் அதே சரிபார்ப்பை வைத்திருக்க வேண்டும் என்பது அன்று நான் கற்ற இன்னொரு பாடம். அது தனிப் பேச்சு.

எண்ணால் கூப்பிடுவதில் உள்ள குறை இதுதான். எண், படிவத்தின் சொந்தக் குணம் இல்லை. அன்றைக்கு வரிசையில் அது நின்ற இடம். மேலே ஒன்று வந்து சேர்ந்தால் எல்லோரும் ஒரு படி கீழே இறங்குவார்கள். டாக்குமென்ட்.ஃபார்ம்ஸ் உயிருள்ள பட்டியல். பக்கம் திறந்திருக்கும்போதே ஸ்கிரிப்ட் ஒரு படிவத்தைப் புதிதாகச் செருகினால் அந்த நொடியே வரிசை மாறும். பெட்டிகளின் பட்டியலிலும் இதே கதைதான். பெட்டிகளை அழகாகச் சேர்த்துக் கட்டும் ஃபீல்ட்செட் என்ற டேக் இருக்கிறதே, அதையும் எலிமென்ட்ஸ் பட்டியல் ஒன்றாக எண்ணும். படத்தை பட்டனாக வைக்கும் பழைய வகையைப் பட்டியலில் சேர்க்காது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அழகுக்காக ஒரு கட்டம் போட்டால்கூட எண்கள் நகரும் என்றால், எண்ணை நம்பி எப்படி ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஒப்படைப்பது?

அதனால் பெயர் வேண்டும். படிவத்துக்கும் பெயர், பெட்டிக்கும் பெயர்.

பெயர் வைக்கும் கலை நமக்குப் புதிதில்லை. எம். எஸ். சுப்புலட்சுமி என்கிறோம். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி. ஊர், தாய், தன் பெயர். டி. கே. பட்டம்மாள் என்றால் தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். ஊர், தந்தை, தன் பெயர். நாட்டில் சுப்புலட்சுமிகள் ஆயிரம் பேர் இருக்கலாம். மதுரையில் சண்முகவடிவு வீட்டுச் சுப்புலட்சுமி என்றால் ஒருவர்தான். உலகத்தில் பலர் குடும்பப் பெயரைக் கடைசியில் வைக்கிறார்கள். நாம் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருகிறோம். ஜாவாஸ்கிரிப்ட்டும் அப்படியே இறங்குகிறது: டாக்குமென்ட்.ஃபார்ம்ஸ்.நிலை.எலிமென்ட்ஸ்.கைபேசி. டாக்குமென்ட் ஊர். அந்த அம்மா பார்த்த கீழ்ப் படிவத்துக்கு ‘நிலை’ என்று பெயர் வைத்தால், அது வீடு. ‘கைபேசி’ பெட்டியின் சொந்தப் பெயர். மேலே இருக்கிற ‘புதிது’ என்ற படிவத்திலும் ஒரு ‘கைபேசி’ இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுப் பெயர் வேறு என்பதால் யாரும் யாரோடும் கலக்க மாட்டார்கள். எத்தனை படிவம் தலையில் வந்து ஏறினாலும் இந்த வரி சரியான பெட்டிக்கே போகும்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா என்று பல மாணவர்கள் கேட்பதுண்டு. வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் எழுத்தைப் பெயராக ஏற்கிறது, டாக்குமென்ட், ஃபார்ம்ஸ், எலிமென்ட்ஸ் என்ற சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதினால் நான் இப்போது சொன்ன வரி ஓடும். சர்வர் பக்கம் யூனிகோடைச் சரியாகக் கையாள்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலிமென்ட்ஸ் என்ற சொல்லை விட்டுவிட்டு, படிவத்தின் பெயருக்குப் பின் நேரே பெட்டியின் பெயரை எழுதினாலும் வேலை செய்யும். பலர் அப்படி எழுதுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். காரணம் சொல்கிறேன். படிவத்துக்கு என்று சில சொந்தச் சொற்கள் உண்டு. ஆக்‌ஷன் என்றால் அது போய்ச் சேரும் முகவரி. சப்மிட் என்றால் அனுப்பும் செயல். இப்போது ஒருவர் தன் பட்டனுக்கு ‘சப்மிட்’ என்றே பெயர் வைக்கிறார். நூற்றுக்குப் பாதிப் பேர் வைக்கும் பெயர் அதுதான் என்று எனக்குத் தோன்றும், அத்தனை முறை பார்த்திருக்கிறேன். பிறகு ஸ்கிரிப்ட்டில் படிவத்தைப் பார்த்து ‘சப்மிட்’ என்று அழைத்தால், அனுப்பும் செயல் வருவதில்லை, பட்டன் வந்து நிற்கிறது. வீட்டுப் பிள்ளையின் பெயர் வீட்டின் சொந்தச் சொல்லை மறைத்துவிட்டது. திரையில் ‘சப்மிட் என்பது ஃபங்ஷன் இல்லை’ என்று பிழைச் செய்தி வரும். எழுதியவர் மணிக்கணக்கில் எழுத்துப் பிழை தேடுவார். எழுத்துப் பிழை எங்கும் இருக்காது. பட்டனின் பெயரை ‘அனுப்பு’ என்று மாற்றினால் போதும்.

படிவத்தின் பெயருக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு படிவத்துக்கு ‘குக்கீ’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தீர்கள் என்றால், டாக்குமென்ட்டிடம் குக்கீயைக் கேட்கும் எல்லா ஸ்கிரிப்ட்டுக்கும் அந்தப் படிவம்தான் கிடைக்கும். தாக்குதல் நடத்துகிறவர்கள் இந்த வழியை நன்கு அறிந்து வைத்திருக்கிறார்கள், அதற்கு டாம் கிளாபரிங் என்று பெயரே இருக்கிறது. டாக்குமென்ட்டுக்குப் பின் நேரே படிவத்தின் பெயரைச் சொல்லாமல், ஃபார்ம்ஸ் வழியாகவே போங்கள். பெட்டிக்கு எலிமென்ட்ஸ் வழியாகவே போங்கள். இரண்டு சொல் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும், அடியுங்கள்.

அடுத்து ஐடி. 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 வந்தபோது ஏறக்குறைய எல்லா டேக்குக்கும் ஐடி வைக்கலாம் என்று ஆயிற்று. 1998 அக்டோபரில் டாம் லெவல் 1 வெளிவந்தது. கெட் எலிமென்ட் பை ஐடி என்ற அழைப்பு அதோடு வரையறைக்குள் வந்தது. அது வந்ததும் பழைய பெயர்முறையை ஓரங்கட்டப் பார்த்தார்கள். 2000-இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0-இன் கண்டிப்பான வகையில், படிவத்துக்குப் பெயர் வைப்பதே செல்லாது. எச்டிஎம்எல் 5 அதைத் திரும்ப அனுமதித்தது. இந்த இழுபறியில் ஒரு தலைமுறையே ‘பெயர் பழசு, ஐடி புதுசு’ என்று கற்றுக்கொண்டு வளர்ந்துவிட்டது. அந்த அம்மாவின் பக்கத்தை எழுதியவரும் அப்படிக் கற்றவராக இருக்கலாம்.

பெயரும் ஐடியும் வேறு வேறு வேலைக்கு உரியவை. பெட்டியின் பெயர் சர்வருக்குப் போகும். பெயர் இல்லாத பெட்டியில் என்ன எழுதினாலும் சர்வருக்குப் போகாது. அந்தப் பெயர் அதன் படிவத்துக்குள் தனித்து இருந்தால் போதும். ஐடி சர்வருக்குப் போவதில்லை, பக்கத்துக்குள்ளேயே நின்றுவிடும். ஆனால் அது பக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், எந்தப் படிவத்துக்குள் இருந்தாலும். இரண்டு படிவம் உள்ள பக்கத்தில் இதுதான் சிக்கலின் வேர். மேல் படிவத்தை எழுதி முடித்து, அதையே காப்பி எடுத்துக் கீழே ஒட்டி, தலைப்பை மட்டும் மாற்றுகிறோம். பெயர் இரட்டிப்பானால் நட்டமில்லை. கூடவே ஐடியும் இரட்டிப்பாகிறதே, அதுதான் நட்டம். பிரவுசர் இதற்குச் சத்தம் போடாது. முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும்.

அந்த அம்மாவின் பக்கத்தைச் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. ஐடிக்கும் முன்னெழுத்துப் போடலாம்: ‘புதிது-கைபேசி’, ‘நிலை-கைபேசி’ என்று. அல்லது லேபிள் டேக்குக்குள்ளேயே பெட்டியை வைத்துவிடலாம். எழுத்தும் பெட்டியும் ஒரே உறைக்குள் இருந்தால் ஒன்றையொன்று தேட ஐடியே தேவையில்லை. நான் இரண்டாவதைத்தான் அதிகம் செய்கிறேன். காப்பி எடுத்து எத்தனை முறை ஒட்டினாலும் அது கெடாது.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியில் நின்றுகொண்டு பெட்டியைக் கூப்பிடும் வழிகள். பெயரே தெரியாமலும் சரியான படிவத்துக்குப் போகலாம். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

ஒரு துணிக்கடையின் கூடைப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். இருபது புடவை வாங்கியிருக்கிறார்கள், கல்யாணச் சரக்கு. ஒவ்வொரு புடவைக்கும் ‘எண்ணிக்கை’ என்று ஒரு பெட்டி, ‘மாற்று’ என்று ஒரு பட்டன். ஒவ்வொன்றும் தனிப் படிவம். இருபது படிவத்துக்கும் இருபது பெயர் வைத்து, இருபது ஸ்கிரிப்ட் எழுதுவதா? நாளைக்கு முப்பது ஆனால்? வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தான் எந்தப் படிவத்தைச் சேர்ந்தது என்று தெரியும். பெட்டியிடம் ‘.ஃபார்ம்’ என்று கேட்டால் தன் படிவத்தைக் காட்டிவிடும். நெட்ஸ்கேப் 2 காலத்திலேயே இது இருந்தது. பட்டனுக்குள் ‘திஸ்.ஃபார்ம்’ என்று எழுதி ஃபங்ஷனுக்குக் கொடுப்பார்கள். இப்போது இன்னும் சீராகச் செய்யலாம். படிவம் கிளம்பும் தருணத்தில் சப்மிட் என்ற நிகழ்வு எழுகிறது. அது எழுந்த இடத்தோடு நிற்காமல் மேலே மேலே பரவும். அதனால் இருபது படிவத்துக்கும் வெளியே உள்ள ஒரே பெட்டகத்தில் ஒரு காதை, அதாவது நிகழ்வைக் கேட்கும் ஒரு ஃபங்ஷனை, வைத்தால் போதும். நிகழ்வு வந்ததும் ‘எங்கிருந்து கிளம்பினாய்’ என்று டார்கெட்டைக் கேட்டால் படிவமே கைக்கு வரும். ‘சப்மிட்டர்’ என்று கேட்டால் எந்த பட்டனை அழுத்தினார்கள் என்பதும் தெரியும். அந்தப் படிவத்தை ஃபார்ம்டேட்டாவிடம் கொடுத்தால், அந்தப் படிவத்துப் பெட்டிகளை மட்டும் பெயரோடு திரட்டித் தரும். பக்கத்தில் எத்தனை படிவம் என்ற எண்ணிக்கையே ஸ்கிரிப்ட்டுக்குத் தெரிய வேண்டாம். முப்பது ஆனாலும் அதே பத்து வரிதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்கிரிப்ட்டே படிவத்தை அனுப்ப வேண்டி வந்தால் ‘சப்மிட்’ என்ற பழைய செயலைக் கூப்பிடாதீர்கள். அது சரிபார்ப்பையும் தாண்டிப் போகும், சப்மிட் நிகழ்வையும் எழுப்பாது. நீங்கள் வைத்த காது சும்மா இருக்க, படிவம் பின்வாசல் வழியாகப் போய்விடும். ‘ரிக்வெஸ்ட் சப்மிட்’ என்று ஒன்று இருக்கிறது. அது ஒருவர் கையால் பட்டனை அழுத்தியது போலவே எல்லாப் படியையும் ஏறி இறங்கும்.

அதே கூடைப் பக்கத்தைப் பலர் டேபிளாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு வரிசையையும் ஒரு படிவத்துக்குள் வைக்கப் பார்ப்பார்கள். டேபிளுக்குள் வரிசையைச் சுற்றிப் படிவ டேக் போட எச்டிஎம்எல் இடம் கொடுப்பதில்லை. போட்டால் பிரவுசர் தன் விருப்பப்படி அதை மாற்றி அமைத்துக்கொள்ளும். எச்டிஎம்எல் 5 இதற்கு வழி செய்தது. படிவத்தை டேபிளுக்கு வெளியே எங்காவது வைத்து அதற்கு ஓர் ஐடி கொடுங்கள். டேபிளில் உள்ள பெட்டியில் ஃபார்ம் என்ற பண்பை எழுதி, அந்த ஐடியை மதிப்பாகக் கொடுங்கள். திருப்பூரில் வேலை பார்க்கிறவருக்குச் சொந்த ஊர் ரேஷன் கார்டில் பெயர் இருப்பதுபோல, பெட்டி எங்கே இருந்தாலும் அந்தப் படிவத்தின் எலிமென்ட்ஸ் பட்டியலில் அது இருக்கும், அனுப்பும்போதும் கூடவே போகும்.

படிவத்துக்குள் படிவம் வைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. முதல் படிவம் மூடப்படாமல் இருக்கும்போது இன்னொரு படிவம் தொடங்கினால், பிரவுசர் அந்தத் தொடக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆனால் உள்ளே இருக்கும் மூடும் டேக்கைக் கண்டுகொள்ளும், அதை வெளிப் படிவத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் வரும் பெட்டிகள் எந்தப் படிவத்துக்கும் சொந்தமில்லாமல் நிற்கக்கூடும். பார்வைக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அனுப்பும்போது பாதி விவரம் போகாது.

2002-இல் வந்த ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸ் என்ற சர்வர் தொழில்நுட்பத்தில் வேறு விதமான கட்டுப்பாடு இருந்தது. சர்வர் கையாளும் படிவம் பக்கத்துக்கு ஒன்றுதான். தேடல், உள்நுழைவு, விண்ணப்பம் எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ் குடியிருக்க வேண்டும். உள்நுழைவு பட்டன் பக்கத்தில் முதலாவதாக இருந்தால், தேடல் பெட்டியில் எழுதி எண்டர் தட்டினாலும் அதுவே இயங்கும், ஏனென்றால் எண்டருக்கு பிரவுசர் தேர்ந்தெடுப்பது அந்தப் படிவத்தின் முதல் அனுப்பும் பட்டனை. பகுதிக்கு ஒரு பட்டனைக் குறித்துச் சொல்லும் வசதி 2005-இல் இரண்டாம் பதிப்போடுதான் வந்தது. இன்னும் பல அலுவலகங்களில் அந்தக் காலத்துப் பக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் வேலை உங்களுக்கு வரும். வந்தால் அந்த எண்டரை முதலில் பாருங்கள்.

ஒரே ஒரு பக்கத்தை எடுத்து நீங்கள் இன்றிரவே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதிய பக்கமாக இருக்கட்டும். இரண்டு படிவமாவது அதில் இருக்கட்டும். அதன் தலையில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பெட்டியும் ஒரு பட்டனும் உள்ள வெற்றுத் தேடல் படிவம் ஒன்றைச் சேருங்கள். பிறகு கீழே உள்ள ஒவ்வொரு படிவத்தையும் நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எண்ணால் கூப்பிட்ட வரி எங்கே ஒளிந்திருந்தாலும் அப்போது வெளியே வந்துவிடும். அடுத்து மவுஸை எடுத்து, பெட்டிகளை விட்டுவிட்டு, அவற்றின் பக்கத்தில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். கடைசிப் படிவத்தின் கடைசி எழுத்துவரை போங்கள். ஒவ்வொரு முறையும் கர்சர் எந்தப் பெட்டிக்குள் துடிக்கிறது என்று பாருங்கள்.